தாயைப் போல பிள்ளையா?



"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்று நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்லக் கேட்டிருப்பீர்கள். கணினித் துறையிலும் இந்தப் பழமொழி உண்டு. அதற்கு 'இன்ஹெரிட்டன்ஸ்' என்று பெயர். தாய்க்கு உள்ள குணமெல்லாம் பிள்ளைக்கும் வரும். ஜாவா லேபில் இதை எழுதாதவர் நம்மில் யாரும் இல்லை.

ஆனால் இது புரோகிராமோடு முடிகிற விஷயம் இல்லை. ஒரு வங்கியோ, அரசுத் துறையோ எப்படி நடக்கிறது, யார் யார் இருக்கிறார்கள், என்னென்ன வேலை நடக்கிறது என்பதையெல்லாம் ஒரே படமாக வரைவதை 'எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்' என்கிறார்கள். இதற்கென்றே 'ஆர்க்கிமேட்' என்ற குறியீட்டு முறை இருக்கிறது. ஓப்பன் குரூப் என்ற அமைப்பு 2009-ல் அதன் முதல் பதிப்பை வெளியிட்டது. 'ஆர்ச்சி' என்ற இலவச மென்பொருளில் நாமே வரைந்து பார்க்கலாம். பிள்ளைப் பெட்டியிலிருந்து தாய்ப் பெட்டிக்கு ஒரு கோடு, தாய்ப் பக்கம் உள்ளே வெறுமையான ஒரு முக்கோணம். அவ்வளவுதான். 'இது அதில் ஒரு வகை' என்று அர்த்தம். கோடு போடுவது ஒரு நிமிஷ வேலை. அது சரியான கோடா என்று பார்ப்பதுதான் கஷ்டம்.

நம்ம கோட்டையை வைத்தே பார்ப்போம்

2025 ஜூலையில் மராத்தியர் காலத்து ராணுவ அமைப்புகள் என்று 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிராவில் உள்ளன. தமிழ்நாட்டில் இருப்பது நம்ம செஞ்சி ஒன்றுதான்! இதைப் படமாக வரைந்தால் 'கோட்டை' என்பது தாய். மலைக்கோட்டை, கடற்கரைக் கோட்டை, தீவுக் கோட்டை எல்லாம் பிள்ளைகள்.

ராஜகிரியை மட்டுமே பார்த்து வளர்ந்த நான், தாய்ப் பெட்டியில் 'படியேறித்தான் போக வேண்டும்' என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? சிந்துதுர்க்கம் கடல் நடுவே இருக்கிறது. அங்கே படகில்தான் போக வேண்டும். அப்போ அது கோட்டை இல்லையா? கோட்டைதான். தப்பு சிந்துதுர்க்கத்தின் மேல் இல்லை, நான் எழுதின விதியில் இருக்கிறது.

லிஸ்கோவ் சொன்ன விதி

அமெரிக்காவின் பார்பரா லிஸ்கோவ் என்ற பேராசிரியை 1987-ல் ஒரு மாநாட்டு உரையில் இதைப் பற்றிப் பேசினார். 1994-ல் ஜெனட் விங்குடன் சேர்ந்து கட்டுரையாகவும் எழுதினார். 2008-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது பெற்றவர். அவர் விதியை நம்ம பாஷையில் சொன்னால் இப்படி: தாய் நிற்கிற இடத்தில் பிள்ளையை நிறுத்தினாலும் வேலை நடக்க வேண்டும். அதற்குப் பிள்ளை, தாய் கேட்டதைவிட அதிகமாகக் கேட்கக் கூடாது. தாய் தருவதாகச் சொன்னதைவிடக் குறைவாகத் தரவும் கூடாது.

'விவசாயி' என்றால் யார்?

என் அப்பா குத்தகை நிலத்தில் பயிர் செய்கிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் வீட்டுக்கு வருகிற படிவமெல்லாம் என் கைக்குத்தான் வரும். ஒருமுறை ஒரு அலுவலகத்தில் "சிட்டா இல்லாம விவசாயின்னு பதிய முடியாதும்மா, கம்ப்யூட்டர் ஏத்துக்காது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "சிட்டா அவுங்க பேர்லதானே இருக்கு, நான் எங்க போறது?" என்றார் அப்பா. நெல் மூட்டையைக் கமிட்டியில் இறக்கும்போது விவசாயியாக இருந்தவர், இங்கே விவசாயி இல்லை!

2007-ல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய விவசாயிகள் கொள்கையில், 'விவசாயி' என்ற சொல்லுக்குள் குத்தகைதாரர், வாரதாரர், விவசாயக் கூலித் தொழிலாளர் எல்லோரும் அடங்குவர். இது தாய்ப் பெட்டி. 2016-ல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைதாரரும் சேரலாம். 2019-ல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருகிறது. ஆனால் அது தன் பெயரில் நிலம் உள்ள குடும்பத்துக்குத்தான். ஆக, அங்கே இருப்பது 'நில உடைமை விவசாயி' என்ற பிள்ளைப் பெட்டி.

படம் வரைகிறவர் அந்தப் பிள்ளைப் பெட்டிக்குச் சுருக்கமாக 'விவசாயி' என்று பேர் வைத்துவிட்டால் போச்சு. அதே பெட்டியை அடுத்த திட்டத்துக்கும் எடுத்துப் போடுவார்கள். காப்பீட்டில் இடம் இருந்தும் குத்தகைதாரர் விடுபட்டுப் போவார். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, பெட்டிக்குப் பேர் தப்பு, அவ்வளவுதான்.

சரி, எப்படி வரையலாம்?

ஒருத்தருக்கு ஒரு ஏக்கர் சொந்தம், இரண்டு ஏக்கர் குத்தகை என்றால் அவரை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? அதனால் நில உரிமையை ஆளின் வகையாக வைக்காமல், அவர் வகிக்கும் 'ரோல்' ஆக வைப்பதே நல்லது. ஆர்க்கிமேட்டில் ஆளுக்கு ஒரு பெட்டி, ரோலுக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாகவே உண்டு. ஒரே ஆள் இரண்டு ரோலும் வகிக்கலாம். எந்தத் திட்டத்துக்குச் சிட்டா தேவையோ, அந்தத் திட்டத்தின் விதியில் மட்டும் சிட்டா இருக்கட்டும். 'விவசாயி' என்ற தாய்ப் பெட்டியில் வேண்டாம்.

நண்பர்களே! நாளைக்கு நம்மில் யாராவது இப்படி ஒரு படத்தை வரையும் வேலையில் உட்காரலாம். அந்த முக்கோணத்தைப் போடும் முன் ஒரு நிமிஷம் நின்று, "இந்த விதியால் வெளியே நிற்கப் போவது யார்?" என்று கேளுங்கள். நின்றுகொண்டிருப்பது நம்ம அப்பாவாகக்கூட இருக்கலாம்.



– மூன்றாம் ஆண்டு மாணவி, கணினிப் பொறியியல் துறை