வாப்பாவின் கசட்டும் உம்மாவின் இயர்போனும்

கிண்ணியாவில் ஒரு காலத்தில் ஹெட்போன் வாங்குவதென்றால் முதலில் பாதை ஏறவேண்டும். எங்களூரில் பாதை என்றால் தெரு அல்ல; கொட்டியாரக் குடாவும் தம்பலகாமக் குடாவும் சந்திக்கும் நீரின்மேல் ஆட்களையும் வாகனங்களையும் சுமந்து அக்கரை சேர்க்கும் மிதவை. அது வரும்வரை துறையில் நிற்கவேண்டும். அக்கரையில் பஸ் பிடித்து, திருகோணமலை மத்திய வீதியில் கடை கடையாக ஏறி இறங்கி, இருட்டுவதற்குள் மறுபடி துறைக்கு வந்துவிடவேண்டும். வாங்கிய சாமான் சரியில்லை என்றால் அதை மாற்ற இன்னொரு முழுநாள் போகும். அதனால் கடையில் வைத்தே காதில் மாட்டி, கேட்டு, திருப்தி வந்த பிறகுதான் காசை எடுப்போம்.

2009 ஒக்டோபர் 20ஆம் திகதி, சவூதி அரேபியாவின் நிதியுதவியில் கட்டிய 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அன்றுவரை பாதி நாளைத் தின்ற நீரை இன்று மோட்டார் சைக்கிள் ஒரு நிமிடத்தில் தாண்டிவிடுகிறது. ஆனால் ஹெட்போன் வாங்கவென்று பாலம் கடப்பவர்களை நான் காண்பதில்லை. ஊர்க் கடைகளிலேயே அவை கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. அதுவும் பிடிக்காவிட்டால் போனில் படம் பார்த்துச் சொல்லிவிட்டால், இரண்டு மூன்று நாளில் கூரியர் பையன் வாசலில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். சாமான் காதுக்குள் போவது காசு கொடுத்த பிறகுதான்.

எங்கள் ஊரில் இந்தப் பொருளின் கதை பாட்டோடு தொடங்கவில்லை, வெளிநாட்டோடு தொடங்கியது. 1980களில் தெருவுக்கு நாலைந்து வீடுகளிலாவது ஒருவர் சவூதியிலோ குவைத்திலோ கட்டாரிலோ இருந்தார். வீட்டில் தொலைபேசி கிடையாது. கடிதம் வரும்; கடிதத்தில் எழுதித் தீராதது கசட்டில் பேசி வரும். லீவில் ஊர் திரும்பும் யாராவது ஒருவரின் பெட்டிக்குள் உடுப்புக்கு நடுவே அறுபது நிமிடக் கசட் ஒன்று இருக்கும். எங்கள் வாப்பாவும் அப்படித்தான் பேசி அனுப்பினார். ஏ பக்கம் முழுவதும் எல்லோருக்கும்: மூத்தும்மாவின் மூட்டுவலி, எங்கள் பள்ளிக்கூடம், கூரைக்கு மாற்றவேண்டிய ஓடு. பி பக்கத்தின் பிற்பகுதி உம்மாவுக்கு. அது வந்ததும் உம்மா கையை நீட்டிக் கசட் றேடியோவை நிறுத்திவிடுவார்.

ஒரே கூடத்தில் ஒன்பது பேர் படுத்த வீடு அது. அந்தப் பி பக்கத்தை உம்மா கேட்பதற்காகத்தான் வோக்மன் வந்தது. வாப்பாவே வாங்கி அனுப்பியிருந்தார்.

சோனி நிறுவனம் முதல் வோக்மனை ஜப்பானில் விற்பனைக்கு விட்டது 1979 ஜூலை 1ஆம் திகதி. விலை 33,000 யென். அதுவரை ஹெட்போன் என்றால் முந்நூறு, நானூறு கிராம் எடையுள்ள பெரிய சாமான். வோக்மனோடு வந்ததோ சுமார் 50 கிராம்: மெல்லிய உலோக வளையம், இரண்டு முனையிலும் பஞ்சு. அந்த முதல் மாதிரியில் ஹெட்போன் துளைகள் இரண்டு இருந்தன. ஒருவர் மட்டும் காதை மூடிக்கொண்டு கேட்பது பக்கத்தில் இருப்பவரை அவமதிப்பதாகிவிடுமே என்று நிறுவனத் தலைவர் அகியோ மொரிட்டா கவலைப்பட்டதே அதற்குக் காரணம். இன்னொரு பொத்தானும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டுத் தாழ்ந்து, அருகில் இருப்பவர் பேசுவது கேட்கும். பின்னால் வந்த மாதிரிகளில் இரண்டாவது துளையும் போயிற்று, அந்தப் பொத்தானும் போயிற்று. எங்கள் வீட்டுக்கு வந்தது ஒற்றைத் துளையுள்ளது. உம்மாவுக்கு அது போதுமாயிருந்தது.

இரவு லாம்பைத் தணித்துவிட்டு, முக்காட்டுக்குள் ஹெட்போனைச் செருகிக்கொண்டு அவர் சுவரோரம் உட்கார்ந்திருப்பார். முகத்தைப் பார்த்து வாப்பா என்ன சொல்கிறார் என்று ஊகிக்க முயன்றிருக்கிறேன். வோக்மனுக்கு இரண்டு பென்டோர்ச் பற்றரி போடவேண்டும். தேய்ந்துபோனவற்றை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு தடவைக்கு ஆக்குவோம். பற்றரி இறங்க இறங்க நாடா மெதுவாகச் சுற்றும். வாப்பாவின் குரல் தடித்து, இழுபட்டு, யாரோ முதியவரின் குரலாக மாறும். அப்படி மாறத் தொடங்கியதும் உம்மா உடனே நிறுத்திவிடுவார். அந்தக் குரலில் வாப்பாவைக் கேட்க அவருக்கு விருப்பமில்லை.

முதலில் கெட்டது பஞ்சு. ஈரக்காற்றில் அது கறுத்து, பிசுபிசுத்து, துகள் துகளாகக் காதில் ஒட்டியது. உம்மா பழைய வெள்ளைச் சாரத்தில் இரண்டு வட்டம் வெட்டி, ஓரத்தில் நூல் கோத்து இழுத்து உறை தைத்துவிட்டார். அடுத்துப் போனது வயர். எப்போதும் போவது அதே இடந்தான்: பின்னுக்குள் நுழையும் கழுத்து. ஒரு காது அடங்கிவிடும்; வயரை ஒரு பக்கம் வளைத்துப் பிடித்தால் வரும், விட்டால் போகும்.

அதைத் திருத்தும் வேலையைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். ஹெட்போன் வயருக்குள் இருப்பது தலைமயிரைவிட மெல்லிய செப்பு இழைகள். சிவப்பு, பச்சை, செம்பு நிறங்களில், நடுவே பட்டுப் போன்ற நூலோடு முறுக்கியிருக்கும். அந்த நிறம் வெறும் அழகுக்கல்ல, ஒன்றையொன்று தொட்டாலும் மின் பாயாமல் தடுக்கும் பூச்சு. அதைச் சுரண்டினால் இழை அறுந்துவிடும். சுரண்டாமல் வைத்தால் ஈயம் ஒட்டாது. றேடியோ திருத்துகிறவர் ஒரு நெருப்புக்குச்சியைக் கிழித்து, சுடரின் ஓரத்தில் இழையை ஒரு கணம் காட்டி எடுப்பார். பூச்சு எரிந்து, நூல் சுருண்டு, செம்பு வெளிவரும். பிறகு ஒரு சொட்டு ஈயம். அவர் அதை முதலில் தன் காதில் வைத்துப் பார்க்கமாட்டார், என் காதில் வைத்து, “ரெண்டு பக்கமும் வருதா?” என்று கேட்பார்.

மூன்றாம் முறை அறுந்தபோது இனி வெட்ட வயர் மிச்சமில்லை என்று சொல்லிவிட்டார். புதிது வாங்க மாமா என்னையும் பாதையில் கூட்டிப்போனார். யுத்தத்தால் துறைகளில் சோதனை நடந்த காலம். வோக்மனைத் திறந்து, பற்றரியைக் கழற்றிக் காட்டி, மறுபடி போட்டுக்கொண்டுதான் போகமுடிந்தது. மாமாவின் பையில் இஸ்லாமியப் பாடகர் நாகூர் ஹனிபாவின் கசட் ஒன்று இருந்தது. கடையில் நான்கு ஹெட்போன்களை வரிசையாக மாட்டிக் கேட்டார். நான்கிலும் ஹனிபா கம்பீரமாகத்தான் ஒலித்தார். மாமா திருப்தியடையவில்லை. அந்தக் குரலை எந்த ஹெட்போனாலும் கெடுக்க முடியாது, ஆகவே அது சோதனைக்கு உதவாது என்பது அவர் வாதம். கடைக்காரரின் றேடியோவில் பின்னைச் செருகி, இலங்கை வானொலியில் யாரோ செய்தி வாசிப்பதைக் கேட்டார். ‘ச’வும் ‘ஷ’வும் பிரிந்து கேட்கிறதா, வாசிப்பவர் மூச்சு எடுப்பது தெரிகிறதா என்று பார்த்தார். பளபளப்பானதை விட்டுவிட்டு, குரல் தெளிவாக வந்த சாதாரணமான ஒன்றை எடுத்தார். எதற்கு வாங்குகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றுவரை நான் அந்த முறையில்தான் தேர்கிறேன், தேர விட்டால்.

2004 டிசம்பர் 26 காலை கடல் ஊருக்குள் வந்தது. கிண்ணியா இழந்த உயிர்களுக்கு முன்னால் கசட்டைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் வீட்டு அலுமாரியின் கீழ்த்தட்டில் வாப்பாவின் கசட்டுகள் இருந்தன. இரண்டு மட்டும் சேற்றுக்குள் கிடைத்தன. நல்ல தண்ணீரில் கழுவி, நாடாவை உருவிக் கொடியில் காயப்போட்டு, வேறு கூட்டுக்குள் சுற்றினோம். ஒன்றில் இரைச்சல்தான். மற்றதில் கூரைக்கு ஓடு மாற்றுவது பற்றிய பேச்சு மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது.

அதற்குப் பிந்திய பத்தாண்டுகள் வேகமாக ஓடின. 2001இலேயே ஐபொட் வெள்ளை வயரோடு உலகத்துக்கு வந்திருந்தது. எங்கள் பையன்களின் கைக்கு வந்தது பெயர் தெரியாத எம்பி3 பிளேயர், பின்னால் பாட்டுப் போடும் போன். ஹெட்போன் என்ற சொல்லே ஊரில் தேய்ந்து ‘ஹேண்ட்ஃப்ரீ’ ஆயிற்று. போன்களின் எப்எம் றேடியோவுக்கு அந்த வயர்தான் அன்டனா. செருகாவிட்டால் நிலையம் பிடிக்காது. செருகிவிட்டால் சூரியன் எப்எம்மும் சக்தி எப்எம்மும் காசில்லாமல் வந்தன.

அந்தக் காலத்தில் ஹேண்ட்ஃப்ரீ வாங்கியவர்களுக்கு ஒரு மர்மம் நினைவிருக்கும். ஒரு கொம்பனி போனுக்குரியதை இன்னொன்றில் போட்டால் இசை எல்லாம் வரும், பாடுகிறவரின் குரல் மட்டும் கிணற்றுக்குள் போய்விடும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்பும். பின்னில் உள்ள நான்கு தொடுபகுதிகளில் மைக்குக்கும் நிலத்தொடுப்புக்கும் உரிய இரண்டை, கொம்பனிகள் இருவேறு ஒழுங்கில் வைத்ததால் வந்த வினை அது. கடைக்காரர்கள் அதை ‘கொப்பி’ என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். ஒறிஜினல்களும் அப்படித்தான் செய்தன.

2016 செப்டெம்பரில் ஐபோன் 7 வந்தபோது 3.5 மில்லிமீற்றர் துளையே இல்லை. மற்றக் கொம்பனிகளும் ஒவ்வொன்றாக அடைத்தன. வயர் போனது. வயரோடு சிக்கும் முடிச்சும் போயிற்று. கழுத்தில் அறுந்த வயரை நெருப்புக்குச்சியில் காட்டும் தொழிலும் போயிற்று. இன்றைய இயர்பட் ஒன்று நாலைந்து கிராம். அந்த 50 கிராம் வளையத்தில் பத்தில் ஒரு பங்கு. உள்ளே ஒலிவாங்கி, ப்ளூடூத், லித்தியம் பற்றரி எல்லாம் இருக்கின்றன. சத்தத்தின் தரம் அன்றைய வோக்மனால் கிட்ட நெருங்கமுடியாதது. நாடாவின் இரைச்சல் இல்லை, இழுபடும் குரல் இல்லை. ஆனால் கூட்டைப் பசை வைத்து மூடியிருக்கிறார்கள். இரண்டு மூன்று வருடத்தில் பற்றரி தளர்ந்தால் எறியவேண்டியதுதான். எங்கள் றேடியோ திருத்துகிறவரின் மகன் இப்போது போன் திரை மாற்றுகிறார். இயர்பட்டைக் கொண்டுபோனால் கையில் வாங்காமலே தலையாட்டுகிறார்.

விலையும் ஒரு கதை. 1990இல் ஒரு டொலர் சுமார் 40 ரூபா. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டபோது 200 சொச்சத்தில் நின்ற டொலர், சில வாரங்களில் 360ஐத் தொட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் எல்லாச் சாமானோடும் ஹேண்ட்ஃப்ரீயும் ஏறிப்போயிற்று. ஆனாலும் சில நூறு ரூபாவுக்கு ஏதோ ஒன்று இன்றும் கிடைக்கிறது. அன்று வீட்டுக்கு ஒன்றுகூட இருக்கவில்லை. இன்று ஆளுக்கு ஒன்று. ஏழைப் பிள்ளையும் பாடம் கேட்கலாம், குர்ஆன் கிறாஅத் கேட்கலாம். இது சிறிய பேறல்ல.

எனக்கு உள்ள பயம் வேறு. பஞ்சு ஹெட்போன் காதை முழுதாக மூடாது. உள்ளே கசட் ஓடினாலும் பாங்குச் சத்தம் கேட்கும், உம்மா கூப்பிடுவது கேட்கும். றப்பர் நுனி வைத்த இன்றைய இயர்பட் காதுத் துளையையே அடைக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு ஹெல்மட்டுக்குள் ஏ15 வீதியில் ஓடும் பையன்களுக்குப் பின்னால் வரும் லொறியின் ஹோர்ன் கேட்குமா? அன்று பற்றரி தீர்ந்து காதைக் காப்பாற்றியது. இன்று சார்ஜ் தீர்வதே இல்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வகுத்த அளவுப்படி, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணிநேரம் கேட்கலாம். 90 டெசிபலானால் அது 4 மணிநேரமாகச் சுருங்கிவிடும். மகனுக்கு வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் ‘பேஸ்’ கணக்கை நான் பார்ப்பதில்லை. வெளிச்சத்தம் கொஞ்சம் உள்ளே வருகிறதா, தாழ்ந்த சத்தத்திலும் பேச்சு விளங்குகிறதா என்று பார்க்கிறேன்.

போன மாதம் உம்மாவுக்கு ஒன்று வாங்கப் போனேன். தம்பி கட்டாரில் இருக்கிறான். தினமும் இரவில் வீடியோவில் வருவான். வாப்பாவின் குரல் மூன்று வாரம் பிந்தி வந்து பல வருடம் வீட்டில் இருந்தது. தம்பியின் குரல் அந்த நொடியே வந்து, அழைப்பு முடிந்ததும் போய்விடுகிறது. உம்மாவுக்கு இடது காது மந்தம். போனை உரக்க வைத்தால் தெருவுக்கே கேட்கிறது. தன் பிள்ளையின் கடன் கதையை ஊர் கேட்கவேண்டாம் என்கிறார்.

கடைப் பையன் மரியாதையானவன். பெட்டியை உடைத்துக் காதில் வைக்கவிட முடியாது, பிறகு யாரும் வாங்கமாட்டார்கள் என்றான். அது நியாயந்தான்; காதுக்குள் போகும் சாமான். மாமாவைப் போல நான்கைக் கேட்டு ஒன்றை எடுக்கும் வழி இல்லை. பெட்டியில் உள்ள எழுத்தை வாசித்து, மைக் நல்லது என்று அவன் சொன்னதை நம்பி ஒரு சோடி இயர்பட் எடுத்தேன்.

வீட்டில் வலது காதுக்குரியதை உம்மாவின் காதில் வைத்தேன். மூன்று அளவு றப்பரில் சிறியது பொருந்தியது; ஆனால் தலையை அசைத்தால் நழுவியது. “இது விழுந்துரும் மகன், வயர் உள்ளது ஒண்டு எடுத்திருக்கலாம்” என்றார். பிறகு தானே முக்காட்டை இழுத்து, காதுக்கு மேலாகக் கொண்டுவந்து, தாடைக்குக் கீழே ஊசி குத்திக்கொண்டார். இயர்பட் அசையாமல் நின்றது. தம்பியின் அழைப்பு வந்தது. மற்ற இயர்பட் என் உள்ளங்கையில் இருந்தது. அதையும் வாங்கிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, போனைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தார்.