துறவியர் முற்றம்

பெங்களூருவிலிருந்து மைசூரு சாலையில் கெங்கேரியைத் தாண்டினால் ஆசீர்வனம். பெனடிக்டின் துறவியர் மடம். சேலம் பகுதியின் சிலுவைகிரியில் தொடங்கி, 1957-இல் இங்கே வந்து நிலைகொண்டது. புனித பெனடிக்ட் 6-ஆம் நூற்றாண்டில் வகுத்த ஒழுங்குநூல்தான் இவர்களுக்கும் வழிகாட்டி.

இடைக்கால ஐரோப்பாவில் பெனடிக்டின் துறவியரின் பகல்பொழுது பெரும்பாலும் ஒரு முற்றத்தைச் சுற்றியே கழிந்தது. நம் செட்டிநாட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள், நேயர்களே! நடுவே திறந்த வானம், நான்கு புறமும் தாழ்வாரம். ஒரு பக்கம் தேவாலயம். மற்றப் பக்கங்களில் உணவுக்கூடம், ஆலோசனைக்கூடம், படுக்கைக்கூடம். மழையிலும் பனியிலும் நனையாமல் எங்கும் போகலாம். சுமார் 820-இல் வரையப்பட்ட செயின்ட் கால் மடத்து வரைபடத்திலேயே இந்த முற்ற அமைப்பு இருக்கிறது.

ஆனால் தாழ்வாரம் வெறும் நடைபாதை அல்ல. படிப்பறையும் அதுதான். இங்கிலாந்தின் குளோஸ்டரில், பழைய பெனடிக்டின் மடத்தின் தேவாலயத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் சன்னலோரமாக 20 சிறு மாடங்கள் இன்றும் இருக்கின்றன. அன்று மாடத்துக்கு ஒரு துறவி அமர்ந்து படித்தார், எழுதினார். முற்றத்தின் எதிர்ப்பக்கத் தாழ்வாரத்தில், சாப்பிடுமுன் கைகழுவ நீளமான கல்தொட்டி. எதிர்ச்சுவரில் துண்டு வைக்க ஒரு மாடம். கை துடைப்பதற்குக்கூட இடம் யோசித்துக் கட்டியிருக்கிறார்கள், எவ்வளவு அக்கறை!