கடை இல்லாத தீவில் யாருக்கு வியாபாரம்?

கிழக்கில் சுற்றுலா வியாபாரம் என்றால் கல்முனைப் பக்கத்து வர்த்தகர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது பொத்துவில் அறுகம்பேதான். காணி வாங்க வேண்டும், ஹோட்டல் கட்ட வேண்டும், வங்கியில் கடன் எடுக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துவிட்டு, "அது எங்களுக்குச் சரிவராது" என்று ஒதுங்கிக்கொள்பவர்களே அதிகம். ஆனால் ஒரு செங்கல்லைக்கூட வைக்க முடியாத ஓர் இடத்தை நம்பி ஒரு கரை முழுவதும் பிழைப்பு நடக்கிறது. அந்த இடம் நிலாவெளிக் கடலில் இருக்கும் புறாமலைத் தீவு.

நிலாவெளி, திருகோணமலை நகரிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. ஒரு காலத்தில் மட்டக்களப்பு - திருகோணமலை ஏ-15 வீதியால் போவதென்றால் ஆற்று வாய்களில் பாதைக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். சவூதி நிதியுதவியுடன் கட்டப்பட்ட கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து ஏனைய துறைகளிலும் பாலங்கள் வந்தன. இன்று கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கங்களிலிருந்து பெருநாள் விடுமுறையில் வான் பிடித்துக் குடும்பத்தோடு போய்வர முடிகிறது. வீதி வந்ததால் வாடிக்கையாளரும் வந்தார். வாடிக்கையாளர் வந்தபின் என்ன நடக்கிறது என்பதுதான் எமது விடயம்.

தீவில் என்ன இருக்கிறது?

கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில், பெரியதும் சிறியதுமாக இரண்டு தீவுகள் இருக்கின்றன. பெரிய தீவே சுமார் 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் கொண்டதுதான். பாறை, கொஞ்சம் பற்றைக்காடு, சிறிய மணற்கரை, அவ்வளவே. காட்டு மாடப்புறாக்கள் பாறைகளில் கூடு கட்டுவதால் இந்தப் பெயர் வந்தது. வெள்ளையர் ஆட்சியில் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்கு இந்தத் தீவைப் பயன்படுத்தினார்கள். 1963ஆம் ஆண்டு சரணாலயமாகவும், 2003ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. ஹிக்கடுவைக்கு அடுத்ததாக இலங்கையில் அமைந்த கடல்சார் தேசியப் பூங்கா இதுதான். பூங்காவின் பரப்பு 471 ஹெக்டயர் என்றாலும் அதில் பெரும்பகுதி கடல்தான்.

தீவில் கடை கிடையாது, தங்குமிடம் கிடையாது. பார்க்க வருபவர் பாறைக்காக வருவதில்லை. தீவைச் சூழ்ந்திருக்கும் முருகைக்கற்களையும், அவற்றில் வாழும் நூற்றுக்கணக்கான வகை மீன்களையும், துடுப்பின் நுனி கறுத்த சிறு சுறாக்களையும் முகக் கண்ணாடி போட்டுக்கொண்டு நீந்திப் பார்க்கவே வருகிறார். இந்தச் சுறா மனிதரைக் கண்டால் விலகிப் போகும் இனம். 1998ஆம் ஆண்டு கடல் சூடேறி நாட்டின் பல கரைகளில் முருகைக்கற்கள் வெளிறிச் செத்தபோது, திருகோணமலைப் பக்கம் பெருமளவு தப்பியது. இன்றும் இந்தச் சிறு தீவுக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பணம் எங்கே தங்குகிறது?

பிரயாணி முதலில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கருமபீடத்தில் டிக்கட் எடுக்க வேண்டும். வெளிநாட்டவருக்கு உள்நாட்டவரை விடப் பல மடங்கு கட்டணம். அந்தப் பணம் திணைக்களத்துக்குப் போகிறது. கரையிலுள்ளவனுக்குக் கிடைப்பது அதற்கு மேல் உள்ளது: படகுக் கூலி, முகக் கண்ணாடி, சுவாசக் குழாய், துடுப்புச் சப்பாத்து ஆகியவற்றின் வாடகை, சாப்பாடு, அறை, முச்சக்கர வண்டி, தொப்பி, சாரன், இளநீர்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பிரயாணி தீவில் நிற்பது இரண்டு மூன்று மணித்தியாலம். மீதி நேரம் முழுவதும் அவர் கரையில்தான் நிற்கிறார். படகிலிருந்து நனைந்தபடி இறங்குபவருக்கு நல்ல தண்ணீரில் குளிக்க ஓர் இடம், பெண்கள் உடை மாற்ற மறைவான அறை, சுத்தமான கழிப்பறை, தொழ ஓர் இடம், நம்பிச் சாப்பிடக்கூடிய ஹலால் உணவு ஆகியவை வேண்டும். இவை எதற்கும் பெரிய ஹோட்டல் தேவையில்லை. குடும்பமாகப் போகிறவர் பணத்தைச் செலவழிப்பதும், அடுத்த முறை அந்தப் பக்கம் வருவதா இல்லையா என்று தீர்மானிப்பதும் இந்தச் சின்ன விடயங்களில்தான்.

முதலைத் தின்னும் வியாபாரம்

கடையில் சாமான் விற்றால் இறாக்கை காலியாவது கண்ணுக்குத் தெரியும். இங்கே விற்கப்படும் சரக்கு கடலுக்கடியில் இருப்பதால் அது குறைவது தெரிவதில்லை. ஒருவர் களைத்துப்போய் முருகைக்கல்லின் மேல் காலூன்றி நின்றால் அது முறிகிறது. படகுக்காரர் நங்கூரத்தைக் கல்லின் மேல் போட்டால் இன்னும் பெரிய துண்டு உடைகிறது. கிளை விடும் முருகைக்கல் வருடத்துக்குச் சில அங்குலம் வளரும். பாறைபோல் திரளும் இனமோ வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிது. அரை நிமிடத்தில் உடைந்தது திரும்பி வர ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போய் முடிக்கும் காலம் எடுக்கலாம். சோற்றுப் பார்சலின் பொலித்தீனும், மீனுக்கு எறியும் பாணும், உடம்பில் பூசிய கிறீமும் இதனுடன் சேர்ந்து கெடுக்கின்றன.

இதை வர்த்தகர் பாஷையில் சொன்னால், இலாபம் என்று நினைத்து முதலை எடுத்துச் சாப்பிடுவதாகும். அந்த முதல் படகுக்காரரின் சொத்துமல்ல, ஹோட்டல்காரரின் சொத்துமல்ல. எல்லோரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பொதுச் சொத்து என்பதாலேயே அதைக் காக்கும் பொறுப்பை ஒவ்வொருவரும் மற்றவர் மேல் போடுகிறார்கள்.

தாய்லாந்து கொடுத்த விலை

தாய்லாந்தின் பீபீ லே தீவில் மாயா குடா என்றொரு கடற்கரை உண்டு. அங்கும் படகில் மட்டுமே போகலாம். 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு ஹொலிவூட் படத்தால் உலகப் புகழ் பெற்று, கடைசியில் ஒரு நாளைக்கு 5,000 பேர் வரை வந்து இறங்கினார்கள். முருகைக்கற்களின் பெரும்பகுதி செத்துப் போனது. 2018 ஜூனில் அரசாங்கம் அந்தக் கடற்கரையை மூடியது. சில மாதங்களுக்கு என்று ஆரம்பித்த மூடல் 2022 ஜனவரி வரை நீடித்தது. அதை நம்பி இருந்த படகுக்காரர்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

மறுபடி திறந்தபோது விதிகள் மாறியிருந்தன. படகுகள் குடாவுக்குள் வரக்கூடாது, தீவின் பின்பக்க இறங்குதுறையில்தான் கட்ட வேண்டும். ஒரே நேரத்தில் 375 பேருக்கு மேல் அனுமதியில்லை. வருடத்தில் சில வாரங்கள் கடற்கரைக்கு ஓய்வு. ஆட்கள் விலகிய சில மாதங்களிலேயே, புறாமலையில் இருக்கும் அதே இனச் சுறாக்கள் அங்கு திரும்பி வந்தன. அளவோடு விட்டால் சரக்கு திரும்ப வரும் என்பதற்கு இது சாட்சி. அளவை நாமே வைக்காவிட்டால் ஒருநாள் அரசாங்கம் கதவையே பூட்டும் என்பதற்கும் இதுவே சாட்சி.

எமது வர்த்தகர்கள் என்ன செய்யலாம்?

முதலாவது, பருவத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். கிழக்குக் கடல் அமைதியாக இருப்பது ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. வாடைக் காற்றும் மாரி மழையும் வந்தால் படகு ஓடாது. தென்மேற்குக் கரையில் பருவம் இதற்கு நேர்மாறானது. ஆகவே வருடம் முழுவதும் ஓரிடத்தில் பணத்தைப் போட்டு முடக்காமல், இரண்டு கரைகளுக்கும் பருவம் பார்த்துச் சாமான் அனுப்பும் வியாபாரம் சிறு முதலுக்கு ஏற்றது. மருதமுனைக் கைத்தறிச் சாரனும் துவாயும் நிலாவெளியிலும் அறுகம்பேயிலும் விற்கக்கூடிய சரக்குகள். வெளிநாட்டவர் கேட்பது இந்த மண்ணில் நெய்ததைத்தான்.

இரண்டாவது, முழுப் பாரத்தையும் சுற்றுலாவில் ஏற்றக்கூடாது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகள், 2020 கொரோனா, 2022 எரிபொருள் தட்டுப்பாடு என்று நான்கு வருடத்துக்குள் மூன்று அடி விழுந்தது. மீன்பிடியோ நெல்லோ கடையோ கையில் இருந்தவர் நின்றார். கடன் எடுத்து அறை மட்டும் கட்டியவர் தடுமாறினார்.

மூன்றாவது, உயிர்ப் பாதுகாப்பு. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. பொத்துவில் களப்பில் தோணி ஓட்டுபவரானாலும் நிலாவெளியில் எஞ்சின் படகு ஓட்டுபவரானாலும், ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இல்லாமல் படகை இழுக்கக்கூடாது. "கிட்டத்தானே, பத்து நிமிடம்தானே" என்ற பேச்சு வியாபாரமல்ல. குடும்பத்தோடு போகிறவர்களும் கூலியைப் பேசுமுன் அங்கியைக் கேட்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் வியாபாரி வாங்கி வைப்பார்.

நான்காவது, சங்கம். நங்கூரம் போடும் இடம், ஒரு நாளில் எத்தனை நடை, குப்பையை யார் திருப்பிக் கொண்டு வருவது என்பவற்றைத் தனி ஒரு படகுக்காரர் கடைப்பிடித்தால் அவருக்கு மட்டும் நட்டம். எல்லோரும் சேர்ந்து கடைப்பிடித்தால் யாருக்கும் நட்டமில்லை. சந்தையில் நிறுவையை ஒழுங்காக வைத்திருப்பதும் இதுவும் ஒன்றுதான்.

அம்பாறைக் கரையில் அறுகம்பே, பாணமை, பொத்துவில் களப்பு என்று எமக்கும் இதே வகைச் செல்வம் உண்டு. புறாமலையில் இன்று நடப்பது நல்லதோ கெட்டதோ, அது நாளை இங்கும் நடக்கும். அடுத்த விடுமுறைக்கு அங்கு போகிறவர்கள் மீனை மட்டும் பார்த்துவிட்டு வராமல், கரையில் யார் என்ன விற்கிறார், எது கிடைக்கவில்லை, எது கெட்டுப்போகிறது என்பதையும் ஒரு வர்த்தகரின் கண்ணோடு பார்த்து வரட்டும். கொண்டுபோன பொலித்தீனையும் திருப்பிக் கொண்டு வரட்டும்.