மெக்சிக்கோவின் கரையோரப் பயணமும் மீன்பிடியும்

பயணம் என்பது பொருள் படைத்தோர்க்கே உரியது என்றும், இன்பம் என்பது விலைகொடுத்துப் பெறும் சரக்கு என்றும் எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் முற்றிலும் பொருந்தாது என்பதை உணர்த்தும் இடங்கள் உலகிற் சில உள. அவற்றுள் ஒன்று மெக்சிக்கோ தேசத்தின் வடமேற்குக் கரையோரம். அங்கே வானளாவிய உல்லாச விடுதிகளும், செல்வரின் வெண்ணிறப் படகுகளும் உண்டு. ஆயினும், ஒரு தூண்டில், கொஞ்சம் இரை, ஒரு குடம் நன்னீர், தலைக்குமேல் ஓர் ஓலைக்கொட்டில் ஆகிய இவற்றை மாத்திரம் துணையாகக் கொண்டு நாள் முழுவதும் மகிழ்ந்திருப்போரையும் அக்கரையிற் காணலாம். அந்த எளிய இன்பம் எத்தகையது, அது எதனைப் பற்றி நிற்கின்றது என்பன அறியத்தக்கன.

மெக்சிக்கோவின் வடமேற்கு மூலையிலிருந்து தெற்கு நோக்கி, நீட்டிய விரல்போல ஒரு குடாநாடு கடலினுள் இறங்குகின்றது. அதன் நீளம் ஏறத்தாழ 1,250 கிலோமீற்றர். கீழ்க் கலிபோர்ணியா என்னும் பொருள்பட அதனைப் பாகா கலிபோர்ணியா என்பர். அதன் மேற்கே பசுபிக் சமுத்திரம் ஓயாது அலையெறிகின்றது. கிழக்கே கலிபோர்ணியா வளைகுடா பெரும்பாலும் அமைதியாகக் கிடக்கின்றது. இவ்வளைகுடாவுக்குக் கோர்ட்டெஸ் கடல் என்னும் பெயரும் உண்டு. 1539ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கோ டி உல்லோவா என்னும் ஸ்பானிய மாலுமி இக்குடாவின் தலைப்புவரை சென்று, மேற்கிலுள்ள நிலம் தீவன்று, குடாநாடே என்று கண்டான். எனினும் அடுத்த நூற்றாண்டில் ஐரோப்பியர் வரைந்த படங்கள் பலவற்றிற் கலிபோர்ணியா தீவாகவே காட்டப்பட்டது. கண்டவன் கூற்றினும் கற்பனைக்கு வலிமை மிகுந்திருந்த காலம் அது.

மக்கள் நெடுங்காலம் அந்நிலத்தைத் தீவென்று நம்பியதில் வியப்பில்லை. அதன் வாழ்க்கையும் தீவு வாழ்க்கை போன்றதாகவே இருந்தது. 1697ஆம் ஆண்டில் யேசுசபைத் துறவியர் லொரேட்டோ என்னும் ஊரிற் கோவில் எழுப்பியபோது, அவர்களுக்கு வேண்டிய தானியமும் பிறவும் கடல் வழியாகவே வந்து சேர்ந்தன. நீரற்ற பாலை நிலத்திற் பாதை அமைப்பது அரிய காரியம். வடக்கே டிஜுவானா நகரிலிருந்து தென்கோடியிலுள்ள சான் லூக்காஸ் முனைவரை 1,700 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பெருந்தெரு 1973ஆம் ஆண்டிலேதான் நிறைவெய்தியது. அதற்கு முன்னர் அவ்வழியே சென்றோர், கல்லும் மணலும் நிறைந்த தடங்களில் வாரக்கணக்காக அலைந்தே ஊர் சேர்ந்தனர்.

இன்று அப்பெருந்தெருவிற் செல்வோர் காணும் காட்சி விந்தையானது. மணிக்கணக்காக இருபுறமும் கள்ளி வனம். கார்தோன் எனப்படும் பெருங்கள்ளி, பனைபோல உயர்ந்து, கிளைகளைக் கைகள்போல மேலே தூக்கி நிற்கும். பசும்புல்லைக் காண்பதும் அரிது. திடீரெனத் தெரு ஒரு மேட்டைக் கடந்து திரும்பும். கீழே நீலமணி உருகினாற்போலக் கடல் விரியும். ஒரு துளி நீருக்கு ஏங்கும் நிலமும் எல்லையற்ற நீர்ப்பரப்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் அத்தோற்றத்தைக் காண்பதே கரையோரப் பயணத்தின் முதல் இன்பம். அதற்கு எவரும் கட்டணம் அறவிடுவதில்லை.

கட்டணம் அறவிடாமை தற்செயலன்று. மெக்சிக்கோவின் சட்டப்படி கடற்கரை தேசத்தின் பொதுவுடைமை. பெருவெள்ள மட்டத்துக்கு அப்பாலுள்ள 20 மீற்றர் அகலமான நிலமும் மத்திய அரசுக்கே உரியது. அருகில் எத்துணைப் பெரிய மாளிகை இருப்பினும், மணலில் அமர்ந்து தூண்டில் எறியும் ஏழையை எழுந்து போகச் சொல்லும் உரிமை எவர்க்கும் இல்லை. நடைமுறையில் வழியை அடைத்தவர்கள் இருந்தமையால், 2020ஆம் ஆண்டிற் சட்டம் திருத்தப்பட்டு, கடற்கரைக்குச் செல்லும் வழியை மறிப்போர்க்குத் தண்டம் விதிக்கப்பட்டது.

இனி மீனைப்பற்றிக் கூறுவாம். பாலைநிலத்தை அடுத்த கடலில் இத்துணை மீன்வளம் எங்ஙனம் வாய்த்தது என்னும் வினா இயல்பாக எழும். அதற்குக் காரணம் காற்றும் கடலின் ஏற்றவற்றமுமேயாம். காற்று மேல்நீரைத் தள்ளிச் செல்ல, அதன் இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழும். அந்நீர் கடலடியிற் படிந்த சத்துப்பொருள்களை உடன் கொணரும். அவற்றை உண்டு நுண்ணுயிர்கள் பெருகும். நுண்ணுயிர்களைச் சிறுமீனும், சிறுமீனைப் பெருமீனும் உண்ணும். குடாவின் வடகோடியில் ஏற்றவற்றம் மிகப் பெரிது. இலங்கைக் கரைகளில் அது ஒரு மீற்றரையும் எட்டுவதில்லை. அங்கேயோ சில நாட்களில் ஆறேழு மீற்றர் வரை நீர் ஏறி இறங்கும். காலையிற் கடலாயிருந்த இடம் பிற்பகலில் நெடுந்தூரம் நடந்து செல்லக்கூடிய சேற்று வெளியாகிவிடும். இங்ஙனம் ஓயாது கலக்கப்படும் இக்கடலில் 891 மீனினங்கள் வாழ்கின்றன என்றும், அவற்றுள் 90 வேறெங்கும் காணப்படாதவை என்றும் கணக்கிட்டுள்ளனர். 2005ஆம் ஆண்டில் இக்குடாவின் தீவுகளும் காப்பிடங்களும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

அக்கரையின் மீனவர் ஆளும் படகு பங்கா எனப்படும். அது மேற்கூரையற்ற, முன்புறம் உயர்ந்த, ஒடுங்கிய கண்ணாடியிழைப் படகு; பின்புறத்தில் வெளியிணைப்பு இயந்திரம் ஒன்று பூட்டப்பட்டிருக்கும். பயணி ஒருவர் சிறுதொகை கொடுத்து மீனவருடன் இப்படகிற் கடலுக்குப் போகலாம். விடியுமுன் புறப்படுவது வழக்கம். வெயில் ஏறியபின் காற்று எழும், காற்றெழுந்தால் அலையெழும். மீனவர் கருவிகளை நம்புவதினும் பறவைகளை நம்புவர். கூழைக்கடாக்கள் கூட்டமாக வட்டமிட்டு, சிறகை மடக்கி, கல் விழுவதுபோல் நீரில் விழுமிடத்திற் சிறுமீன் திரண்டிருக்கும். சிறுமீன் திரண்ட இடத்தின் கீழே பெருமீன் காத்திருக்கும். அங்கே இயந்திரத்தை நிறுத்தி, கைத்தூண்டிலை இறக்குவர். பிறகு வேலை ஒன்றுமில்லை, காத்திருத்தலே வேலை. விரலில் நரம்பு சற்றே துடிக்கும் அந்தக் கணத்துக்காக ஒருவர் மணிக்கணக்காகப் பேசாதிருக்கப் பழகுகின்றார். நகரில் ஐந்து நிமிடம் காத்திருக்கப் பொறாதவரும் அங்கே பொறுமை கற்கின்றார்.

பிடித்த மீனைக் கரையிலேயே சமைப்பதும் உண்டு. எலுமிச்சஞ்சாற்றில் ஊறவைத்து, வெங்காயமும் மிளகாயும் கலந்து, அடுப்பேற்றாமல் உண்ணும் பக்குவத்தைச் செவிச்சே என்பர். பொரித்த மீனைக் கோவாவுடன் மெல்லிய ரொட்டியிற் சுருட்டி உண்ணும் பண்டத்துக்கு என்செனாடா என்னும் துறைமுக நகரம் பெயர்பெற்றது. அந்த ரொட்டியும், மீனும், எலுமிச்சையும் ஏழையின் உணவே. ஆயினும் கடற்காற்றிற் பசித்திருந்தவர்க்கு அதனினும் சிறந்த விருந்து வேறில்லை.

இவ்வின்பத்துக்கு அரசு எல்லை வகுத்துள்ளமை கவனிக்கத்தக்கது. படகிலிருந்து பொழுதுபோக்காக மீன்பிடிப்பவர் அனுமதிச்சீட்டுப் பெறல் வேண்டும். ஒருவர் கடலில் ஒரு நாளிற் பத்து மீன்களே பிடிக்கலாம். அவற்றுள் ஓரினத்தில் ஐந்துக்கு மேற்படலாகாது. ஈட்டிபோன்ற மூக்குடைய மார்லின் முதலியன ஒன்றே போதும். இங்ஙனம் பிடித்தவற்றை விற்கவும் கூடாது. போதும் என்ற எல்லையைத் தானே வகுத்துக்கொள்ளாத மனிதனுக்குச் சட்டம் அதனை வகுத்துக் கொடுக்கின்றது.

அவ்வெல்லை இல்லாத காலத்தில் நேர்ந்ததற்கு லா பாஸ் நகரமே சான்று. மன்னார்ச் சலாபத்தின் கதையை அறிந்த இலங்கை நேயர்க்கு இது புதிதன்று. லா பாஸ் குடாவின் முத்துக்கள் நூற்றாண்டுக் கணக்காக ஐரோப்பிய அரச குடும்பங்களை அணிசெய்தன. மூச்சடக்கி மூழ்கியோர் கைக்கு எட்டியதை மாத்திரம் எடுத்தனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் காற்றுக்குழாய் பொருத்திய மூழ்கு கவசம் வந்தது. ஆழத்திலிருந்த சிப்பிகளும் தப்பவில்லை. 1940ஆம் ஆண்டளவிற் சலாபமே ஓய்ந்துபோயிற்று. அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்டெயின்பெக் அவ்வாண்டில் இக்கடலிற் பயணஞ்செய்து, பின்னர் லா பாஸைக் களமாகக்கொண்டு 'முத்து' என்னும் சிறு நாவலை 1947இல் வெளியிட்டார். நாவல் நிலைத்தது; முத்துப்பார் நிலைக்கவில்லை.

எனினும் அழிந்தது மீளாது என்று எண்ணுதல் வேண்டா. குடாநாட்டின் தென்கிழக்கில் உள்ளது புல்மோ முனை என்னும் சிற்றூர். அவ்வூரவர் முன்னர் முத்துக் குளித்தனர். பின்னர் மீன் பிடித்தனர். 1980களில் மீன் குன்றியது. படகுகள் மேலும் மேலும் தொலைவு செல்ல நேர்ந்தது. அதே காலத்தில் அங்குவந்த பல்கலைக்கழக ஆய்வாளர், ஊரின் முன்னேயுள்ள பவளப்பாரின் அருமையை ஊரவர்க்கு எடுத்துக் காட்டினர். தம் பாட்டன் காலமுதல் மேலிருந்து வலைவீசிய இடத்தை மீனவர் நீருக்குள் இறங்கிப் பார்த்தனர். 1995ஆம் ஆண்டில் 7,111 ஹெக்டேயர் பரப்புத் தேசியக் கடற்பூங்காவாயிற்று. சட்டம் அதன் ஒரு பகுதியிலேயே மீன்பிடியைத் தடுத்தது. ஊரவரோ முழுப்பரப்பிலும் தூண்டிலைக் கைவிட்டனர். குடும்பத்தின் அடுப்பு எரிவதற்கு வேறு வழி இன்னும் தோன்றாத காலத்தில் எடுத்த முடிபு அது. 1999ஆம் ஆண்டுக்கும் 2009ஆம் ஆண்டுக்கும் இடையில் அங்குள்ள மீன்களின் மொத்த எடை 460 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது என ஆய்வாளர் 2011இல் வெளியிட்டனர். சுறாவும் கலவாயும் திரும்பின. காண்பதற்குப் பயணிகளும் வந்தனர். ஊரவர்க்குப் புதுத்தொழில் கிடைத்தது. அருகே எழவிருந்த பெரும் உல்லாச நகரத் திட்டத்தின் அனுமதியையும் எதிர்ப்புக் காரணமாக ஜனாதிபதி பெலிப்பே கால்தெரோன் 2012இல் இரத்துச் செய்தார்.

பசுபிக் பக்கத்திலும் இத்தகைய மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. பனிக்காலத்திற் சாம்பல் திமிங்கிலங்கள் வடதுருவக் கடலிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நீந்தி வந்து, அங்குள்ள களப்புகளிற் குட்டி ஈனும். 19ஆம் நூற்றாண்டில் வேட்டையாடிகள் அக்களப்புகளிலேயே அவற்றைக் கொன்று குவித்தனர். குட்டியைக் காக்கத் தாய் படகைத் தாக்கியதால் அதனைப் பேய்மீன் என்று அஞ்சினர். அவ்வச்சம் நூறாண்டு நீடித்தது. 1972ஆம் ஆண்டிற் சான் இக்னாசியோ களப்பில், பிரான்சிஸ்கோ மயோரால் என்னும் மீனவரின் சிறு படகருகே ஒரு திமிங்கிலம் வந்து விலகாது நின்றது. அவர் அஞ்சியஞ்சிக் கைநீட்டித் தொட்டார். அது தீங்கு செய்யவில்லை. இன்று பனிக்காலம்தோறும் அக்களப்பின் மீனவர் பயணிகளை அதே இடத்துக்கு அழைத்துச் செல்கின்றனர்.

ஆயினும் எல்லா இடத்தும் நல்முடிவு வாய்க்கவில்லை. குடாவின் வடகோடியில் வக்கீட்டா என்னும் மிகச் சிறிய கடற்பன்றி இனம் உண்டு. அது வேறெங்கும் இல்லை. தொத்துவாபா என்னும் பெருமீனின் காற்றுப்பைக்குச் சீனத்தில் கிடைக்கும் மிகுவிலை காரணமாகக் கள்ளத்தனமாய் விரிக்கப்படும் செவுள்வலைகளில் அது சிக்கி மடிகின்றது. அண்மைக் கணிப்புகளின்படி எஞ்சியவை பத்தளவே. 2015இல் அரசு அவ்வலைகளை இடைக்காலமாகவும், 2017இல் நிரந்தரமாகவும் தடைசெய்தது. கள்ளவலை விரியாத நேர்மையான மீனவரும் இத்தடையால் இறால் பிடிக்க வழியின்றித் துன்புற்றனர். உயிரினத்தைக் காப்பதும், அதன் அருகில் வாழும் மனிதனின் சோற்றைக் காப்பதும் ஒருங்கே செய்யவேண்டிய பணிகள். ஒன்றை விட்டு மற்றதைச் செய்யப் புகுந்தால் இரண்டும் கெடும்.

கரையிலமர்ந்து தூண்டில் எறிபவர்க்கு அவ்வின்பம் இலவசமாகவே கிடைக்கின்றது. அதன் விலையை அவருக்காக முன்னரே செலுத்தியவர் உளர். தம் வலையைச் சுருட்டி வைத்த புல்மோ முனை மீனவரும், பொதுநிலத்தைப் பொதுவாகவே வைத்த சட்டமும், பத்து மீனுடன் நிறுத்திக்கொண்டு கரைதிரும்பும் பயணியும் அவருட் சேர்வர். மாலையில் வெயில் தணிய, கள்ளி வனத்தின் நிழல் நீண்டு நீரைத் தொடும். பங்காக்கள் ஒவ்வொன்றாய் மணலில் ஏறும். மறுநாளும் கூழைக்கடாக்கள் வட்டமிடுமாயின், அன்றைய எளிய இன்பம் மறுநாளைக்கும் மிஞ்சியிருக்கின்றது என்பது பொருள்.