ஒலி இயக்கிகளில் மிதப்புப் புள்ளி எண்கள்

ஒலி இயக்கி என்பது, கணினி நிரல்கள் தரும் ஒலித் தரவை ஒலி அட்டையிடம் ஒப்படைக்கும் மென்பொருள் ஆகும். இது டிரைவர் என்றும் அழைக்கப்படுகிறது. இன்றைய ஒலி நிரல்கள் பெரும்பாலும் மிதப்புப் புள்ளி எண்களில் கணக்கிடுகின்றன. ஒலி அட்டைகளோ பொதுவாக முழு எண்களையே ஏற்கின்றன. இந்த மாற்றம் எங்கே, எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்தே ஒலியின் தரம் அமைகிறது.

இருவகை எண்கள்

குறுவட்டில் ஒவ்வோர் ஒலித்தடத்துக்கும் நொடிக்கு 44,100 மாதிரிகள் உள்ளன. ஒவ்வொரு மாதிரியும் −32,768 முதல் 32,767 வரையிலான 16 பிட் முழு எண். மிதப்புப் புள்ளி முறையில் இதே வீச்சு −1.0 முதல் 1.0 வரை குறிக்கப்படுகிறது. 1985இல் வெளியான ஐஇஇஇ 754 தரத்தின்படி, 32 பிட் எண்ணில் குறிக்கு 1, அடுக்குக்கு 8, பின்னத்துக்கு 23 பிட்டுகள்.

0.7, 0.5 ஆகிய இரு மாதிரிகளைக் கலந்தால் 1.2 கிடைக்கும். எல்லை தாண்டினாலும் அந்த மதிப்பு அழிவதில்லை; பிறகு ஒலியளவைப் பாதியாக்கினால் 0.6 ஆகிவிடும். 16 பிட் முழு எண்ணிலேயே கலந்து எல்லையில் வெட்டியிருந்தால், இழந்தது திரும்பாது. திருப்பூர் பனியன் நிறுவனங்களில் தையலுக்கும் சுருக்கத்துக்கும் இடம் விட்டுத் துணியை வெட்டுவதை இதற்கு ஒப்பிடலாம்.

கெர்னலில் ஏன் தவிர்க்கப்படுகிறது?

லினக்ஸில் ஒரு நிரலிலிருந்து இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் நுழையும்போது, நேரத்தை மிச்சப்படுத்த மிதப்புப் புள்ளிப் பதிவகங்கள் சேமிக்கப்படுவதில்லை. அங்கு இயக்கி அவற்றைப் பயன்படுத்தினால், நிரலின் மதிப்புகள் மீது எழுதிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. தொடர்பில்லாத வேறொரு நிரலின் கணக்கு தவறாகும். எனவே தவிர்க்க முடியாத இடங்களில், பதிவகங்களைச் சேமித்து மீட்கும் சிறப்புச் செயற்கூறுகளுக்கு இடையில் மட்டுமே இக்கணக்கு அனுமதிக்கப்படுகிறது.

இதனால் லினக்ஸில் அல்சா நூலகம், பைப்வயர் போன்றவை கெர்னலுக்கு வெளியிலேயே எண்களை மாற்றித் தருகின்றன. விண்டோஸ் விஸ்டா முதல், பல நிரல்களின் ஒலியைக் கலக்கும் பொறியும் கெர்னலுக்கு வெளியே 32 பிட் மிதப்புப் புள்ளியில் இயங்குகிறது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

1. எல்லைக்குள் நிறுத்துதல்: 1.2ஐ 32,767ஆல் பெருக்கினால் 39,320 வரும். அதை அப்படியே 16 பிட்டில் அடைத்தால் −26,216 ஆகிவிடும். மேலே போக வேண்டிய அலை சட்டெனக் கீழே விழ, ஒலிபெருக்கியில் வெடிப்பொலி கேட்கும்.

2. 'எண் அல்லாதது': சுழியைச் சுழியால் வகுத்தால் வரும் இம்மதிப்பை எதனோடு பெரிதா, சிறிதா என ஒப்பிட்டாலும் 'இல்லை' என்றே விடை வரும். ஆகவே எல்லைச் சோதனையில் சிக்காது. தனியே கண்டறிந்து சுழியாக்க வேண்டும்.

3. 32 பிட் முழு எண்: இதன் உச்சம் 2,147,483,647. 32 பிட் மிதப்புப் புள்ளியில் 24 பிட் துல்லியமே உள்ளதால், இது 2,147,483,648 என முழுமையாக்கப்பட்டு ஒன்று கூடிவிடும். இங்கு 64 பிட் மிதப்புப் புள்ளியில் பெருக்குவது பாதுகாப்பானது.