உரக்கப் பேசும் ரிப்பீட்டருக்குக் காது ஏன் மந்தமாகிறது?

அமெச்சூர் வானொலியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எழும் கேள்வி ஒன்று உண்டு. மலை உச்சியிலுள்ள ரிப்பீட்டரின் குரல் நமக்குக் கணீரென்று கேட்கிறது. ஆனால் நாம் பேசுவது மட்டும் அதற்கு ஏன் கேட்பதில்லை? இன்றைய அங்கத்தில் அதற்கு விளக்கம் காண்போம்.

ரிப்பீட்டரின் வேலை என்ன?

கையில் எடுத்துச் செல்லும் வானொலிக் கருவியின் ஆற்றல் பெரும்பாலும் 5 வாட்தான். மலையோ கட்டடமோ குறுக்கிட்டால் அதன் குரல் சில கிலோமீட்டரில் தேய்ந்துவிடும். உயரமான இடத்தில் நிற்கும் ரிப்பீட்டர், ஓர் அலைவரிசையில் கேட்பதை அதே நேரத்தில் இன்னோர் அலைவரிசையில் கூடுதல் ஆற்றலுடன் திருப்பிச் சொல்கிறது. 2 மீட்டர் அலைப்பட்டையில் இவ்விரண்டுக்கும் வழக்கமான இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே.

இது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ண வேண்டாம். 2014 டிசம்பரில் கிளந்தானைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது பல இடங்களில் மின்சாரமும் கைத்தொலைபேசித் தொடர்பும் அறுந்தன. அத்தகைய வேளையில் பேட்டரியில் இயங்கும் ஒரு சிறு கருவியின் குரல் உயிரைக் காக்கலாம். ரிப்பீட்டருக்குக் காது கேட்டால்தான் அது நடக்கும்.

முதல் சந்தேகம் யார்மீது?

கோளாறு வந்ததும் பலரும் வெளியாரைச் சந்தேகிக்கிறார்கள். முதலில் சந்தேகிக்க வேண்டியதோ ரிப்பீட்டரின் சொந்த டிரான்ஸ்மிட்டரை! அது வெளியிடுவது 25 வாட் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்திலுள்ள ரிசீவர் கேட்க வேண்டியதோ 0.2 மைக்ரோவோல்ட். ஆற்றல் கணக்கில் முன்னது பின்னதைவிட 3-க்குப் பின் 16 சுழியங்கள் போட்ட மடங்கு பெரியது. உறுமி மேளத்தை அடித்துக்கொண்டே பக்கத்தில் ஒருவர் கிசுகிசுப்பதைக் கேட்பது போன்றது இது.

இரண்டும் ஒரே அன்டெனாவைப் பகிர்ந்துகொள்ள உதவுவது டூப்ளெக்சர். உலோக உருளைகளால் ஆன இந்தச் சல்லடை, டிரான்ஸ்மிட்டரின் அலை ரிசீவருக்குள் புகாமல் தடுக்கிறது. மலைச்சாலையில் ஏற்றிச் செல்லும்போது குலுங்கினாலும், வெப்பநிலை பெரிதாக மாறினாலும் இதன் சுருதி பிசகக்கூடும்.

சோதிப்பது எப்படி?

முதலில் டிரான்ஸ்மிட்டரை நிறுத்திவிட்டு, சிக்னல் ஜெனரேட்டர் மூலம் மிக மெல்லிய சமிக்ஞையை ரிசீவருக்குக் கொடுங்கள். பிறகு டிரான்ஸ்மிட்டரை இயக்குங்கள். தெளிவாக இருந்த ஒலி இப்போது இரைந்தால், குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்.

அடுத்து, அன்டெனாவைக் கழற்றி, ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடும் டம்மி லோடைப் பொருத்துங்கள். இரைச்சல் மறைந்தால் கோளாறு அன்டெனாவிலோ, கேபிளிலோ, கோபுரத்திலோ உள்ளது. தண்ணீர் புகுந்த இணைப்பும் துருப்பிடித்த ஆணியும் பெரும் இரைச்சலை உண்டாக்கும். நம் நாட்டு மழைக்கும் கடற்காற்றுக்கும் இது சகஜம். இரைச்சல் மறையாவிட்டால் டூப்ளெக்சரையும், உள்ளே இருக்கும் சிறு கேபிள்களையும் பாருங்கள். அலுமினியத் தகடும் செம்புப் பின்னலும் சேர்ந்த உறையுள்ள கேபிள்கள் இவ்வேலைக்கு உகந்தவை அல்ல. இரட்டைப் பின்னல் உறையுள்ளவையே நல்லவை.

மூன்றாவதாக, ரிசீவருக்கு முன்னால் ஒரு வடிகட்டியைச் சேருங்கள். நிலைமை தேறினால், டிரான்ஸ்மிட்டரின் வலுவான அலை ரிசீவரைத் திணறடித்திருக்கிறது என்று பொருள். தேறவில்லையா? டிரான்ஸ்மிட்டரின் இரைச்சலே ரிசீவரின் அலைவரிசையில் விழுகிறது. அதை ரிசீவர் பக்கத்தில் தடுக்க முடியாது. வடிகட்டி டிரான்ஸ்மிட்டர் பக்கம் இருக்க வேண்டும்.

வெளியார் தொல்லை

டிரான்ஸ்மிட்டர் நின்றிருக்கும்போதும் இரைச்சல் இருந்தால்தான் வெளியே தேட வேண்டும். மலிவான எல்.இ.டி. விளக்கும் சூரிய மின்கல சார்ஜரும்கூடக் காரணமாகலாம். உலு காலி மலை போல எஃப்.எம். கோபுரங்கள் நெருங்கி நிற்கும் இடங்களில், பிறருடைய அலைகள் ஒன்றோடொன்று கலந்து புதிய அலையாகவும் வரலாம். இதற்கு எளிய சோதனை உண்டு. ரிசீவருக்கு முன் 3 டெசிபெல் தணிப்பானைப் போடுங்கள். தொல்லையும் 3 டெசிபெல்தான் குறைந்தால் அது வெளியிலிருந்தே வருகிறது. ஏறத்தாழ 9 டெசிபெல் குறைந்தால் கலப்பு ரிசீவருக்குள் நடக்கிறது. அதற்கு மருந்து வடிகட்டி.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வோர் அளவையும் தேதியுடன் குறித்து வையுங்கள். ரிப்பீட்டர் நன்றாக இயங்கும்போது எடுத்த அளவு கையில் இருந்தால்தான், நாளை அது எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரியும். வெளியார் தொல்லை என்று உறுதியானால் மலேசியாவில் தொடர்பு பல்லூடக ஆணையத்திடமும், சிங்கப்பூரில் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடமும் புகார் செய்யலாம்.

வெள்ளம் வந்த பிறகு மலையேறிச் சோதிக்க இயலாது. வெயில் காயும் நாளிலேயே ரிப்பீட்டரின் காதைச் சோதித்து வைப்போம்.