மணல் மேடு நடக்குது, வாங்கோ பார்ப்போம்!

நாடகக் கொட்டகையும் சினிமாக் கொட்டகையும் பார்த்து வளர்ந்த ஜிந்துப்பிட்டிக்காரருக்குத் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் ஆசை இல்லாமலா இருக்கும்? இன்றைக்கு அந்த ஆசைக்கு நல்ல தீனி இருக்கிறது.

‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்காக ஜோர்ஜ் லூக்கஸ் 1997இல் துனீசியப் பாலைவனத்தில் ஓர் ஊரையே செட் போட்டார். படத்தில் அதன் பெயர் மோஸ் எஸ்பா. 1999இல் படம் வந்தது. படக்குழு எப்போதோ மூட்டை கட்டிவிட்டது, செட் மட்டும் அங்கேயே நின்றது. உண்மையான வில்லன் அதற்குப் பிறகுதான் வந்தான். பிறை வடிவத்தில் ஒரு மணல் மேடு, செட்டைப் பார்த்து நகர்ந்து வந்தது!

அதை அளந்தவர்கள் யார் என்று கேளுங்கோ. சனிக் கோளின் டைட்டன் நிலவில் உள்ள மணல் மேடுகளை ஆராய்கிற ரால்ஃப் லோரன்ஸும் அவருடைய சகாக்களும்! அவர்களுக்குச் சினிமா செட்டில் என்ன வேலை? பாலைவனத்தைச் செய்மதிப் படத்தில் பார்த்தால் எங்கும் மணல்தான். அசையாத அடையாளம் ஒன்று இல்லாமல் மேடு நகர்ந்ததை எதை வைத்து அளப்பது? இங்கேயோ லூக்கஸின் சுவர்கள் அசையாமல் நிற்கின்றன. பழைய படத்தையும் புதிய படத்தையும் பொருத்திப் பார்த்தார்கள், நேரில் போயும் பார்த்தார்கள். 2013இல் வெளியான கணக்குப்படி மேடு ஆண்டுக்குச் சுமார் 15 மீட்டர் நடக்கிறது.

காலில்லாத மேடு எப்படி நடக்கும்? காற்று மணலை அள்ளிக்கொண்டு பறப்பதில்லை. மணிகள் தத்தித் தத்திப் போகின்றன. விழுகிற மணி இன்னும் சிலவற்றைக் கிளப்பிவிடுகிறது. இப்படி மேட்டின் முதுகில் ஏறிய மணல் உச்சியில் குவிந்து, பாரம் தாங்காமல் மறுபக்கம் சரிகிறது. மேடு கொஞ்சம் முன்னே போய்விட்டது! சின்ன மேடு ஓடும், பெரிய மேடு சோம்பேறி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் மணல் ஏறத்தாழ எட்டு மடங்கு நகரும். இந்தக் கணக்கையெல்லாம் போட்டவர் ரால்ஃப் பாக்னோல்ட். லிபியப் பாலைவனத்தில் ஃபோர்ட் கார் ஓட்டித் திரிந்த பிரித்தானிய இராணுவப் பொறியியலாளர். ஊர் திரும்பி, காற்றுச் சுரங்கம் ஒன்று செய்து, அதற்குள் மணலை ஓடவிட்டுப் பார்த்தார். அவருடைய புத்தகம் 1941இல் வந்தது. இன்றைக்கும் பாலைவனத்தில் வீதி போடுகிறவர்கள் அவர் போட்ட அடித்தளத்தில்தான் நிற்கிறார்கள்.

துனீசியா வரை போவானேன்? வடமராட்சி கிழக்கில் மணற்காடு இருக்கிறதே! அங்கே பழைய அந்தோனியார் கோயிலின் இடிந்த சுவர்கள் மணலுக்குள் பாதி புதைந்து நிற்கின்றன. சோளகமும் வாடையும் மாறி மாறி அடிக்கிற கரை அது. மணலைப் பிடித்து வைக்கச் சவுக்குக் காடு வளர்த்திருக்கிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்த காவலாளிகள் தரையோடு படர்கிற அடும்பும், முள்ளும் முறுக்குமாக நிற்கிற இராவணன் மீசையும்தான். மணல் மூட மூட மேலே எழும்புகிற செடிகள் இவை.

இவ்வளவு தொல்லை தருகிற மேட்டை வெட்டி எடுத்துவிட்டால் என்ன? யால கடற்கரையில் ஒரு விடுதிக்காரர் அதைத்தான் செய்தார். விருந்தாளிகளுக்குக் கடல் தெரிய வேண்டுமாம். 2004 ஆழிப்பேரலை அந்த விடுதியை வழித்தெடுத்துக்கொண்டு போனது. மேடு வெட்டுப்படாமல் நின்ற இடங்களில் பாதிப்பு குறைவு. நடக்கிற மேட்டைச் செடி வைத்துப் பிடிக்கலாம், லொறியில் ஏறிப் போன மேட்டைப் பிடிக்க வழியில்லை.

மணற்காட்டு மணல் களவாக ஏற்றப்படுவது ஊரறிந்த சங்கதி. ஆகவே வடக்கே வீடு கட்டுகிற உறவுகளுக்கு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கோ. மணல் லொறி வாசலுக்கு வந்தால், காசைக் கொடுக்குமுன் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப் பத்திரத்தைக் கேட்டுப் பார்க்கட்டும்.